'அன்ஃபிட்' என்று ஒரு காகிதம்

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நம் காலேஜ் ரத்ததான முகாமில் நீங்கள் ரத்தம் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால், ஏன் கொடுத்தீர்கள்?

நான் கொடுத்ததற்குக் காரணம் சமூக சேவை இல்லை. 2024 பிப்ரவரி, ஃபர்ஸ்ட் இயர் இரண்டாவது செமஸ்டர். அன்று மதியம் மேத்ஸ் இன்டர்னல். ரத்தம் கொடுத்தால் ஓ.டி. உண்டு என்று என்.எஸ்.எஸ். சீனியர் ஒருவர் சொன்னார். ஒரு மாம்பழ ஜூஸ், ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு சர்டிஃபிகேட், கூடவே மேத்ஸிலிருந்து விடுதலை. இதை விட நல்ல டீல் எங்கே கிடைக்கும்?

இரண்டு வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. "தம்பி, ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போக முடியுமா? பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல." பயப்பட ஒண்ணும் இல்லை என்று யாராவது சொன்னால்தானே நமக்குப் பயமே வரும்!

போனேன். சின்ன அறை, ஒரு மேசை, கவுன்சலர் அக்கா. நாம் கொடுக்கிற ஒவ்வொரு யூனிட் ரத்தத்தையும் எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ் பி, ஹெப்படைடிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா என்று ஐந்து நோய்களுக்குச் சோதிப்பார்களாம். "உங்களுக்கு ஹெப்படைடிஸ் பி பாசிட்டிவ்னு வந்திருக்கு" என்றார். டாட்டூ போட்டிருக்கிறேனா, ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மாவுக்கு எப்பவாவது டெஸ்ட் எடுத்துப் பாத்திருக்கீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. பாசிட்டிவ் எனக்கு; நடுவில் அம்மாவை ஏன் இழுக்கிறார்? அது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஹாஸ்டல்

ரூமில் ஒருவனிடம் மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "டேய், உன் ட்ரிம்மரை நான் யூஸ் பண்ணிருக்கேனேடா" என்றான்.

அந்த நிமிஷம் வலித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். இந்த வைரஸ் ரத்தம் வழியாகவும், உடலுறவு வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். உடம்புக்கு வெளியே, உலர்ந்த ரத்தத்துளியில்கூட ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ரேசர், ட்ரிம்மர், டூத்பிரஷ், நகவெட்டி ஆகியவற்றைப் பங்கு போடக்கூடாது. ஆனால் ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கலாம், தோளில் கை போடலாம். இருமலில் வராது, கொசுவில் வராது, மெஸ் சாம்பாரில் வரவே வராது.

நம் ஊரில் எல்லாவற்றையும் 'மஞ்சக்காமாலை' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். கெட்ட தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது ஹெப்படைடிஸ் ஏ, ஹெப்படைடிஸ் இ. பி வேறு ஆள். சின்ன வயதில் தொற்றியவர்களுக்குக் கண் மஞ்சளாவதுகூட அபூர்வம். எனக்கு ஒருநாளும் ஆனதில்லை.

நண்பன் மறுநாளே டெஸ்ட் எடுத்தான். நெகட்டிவ். தடுப்பூசியும் போட ஆரம்பித்தான். முதல் நாள் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. மூன்றாவது ஊசி போட்டுக்கொண்ட அன்று என்னிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டு, என் தட்டிலிருந்தே பஜ்ஜியையும் எடுத்துத் தின்றான். வேறொருவனுக்கு எப்படியோ விஷயம் தெரிந்து, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். இரண்டு பேரும் படித்தது ஒரே பயாலஜி புத்தகம்தான்.

டாக்டர் வரைந்த படம்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஓ.பி.யில் மூன்று மணி நேரம் காத்திருந்து கல்லீரல் டாக்டரைப் பார்த்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது: ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் அளவு 17 கோடி யூனிட். அவரோ நிதானமாக அடுத்த வரியைக் காட்டினார். எஸ்.ஜி.பி.டி. 26, அதாவது நார்மல். கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனிலும் 5 கிலோபாஸ்கல்தான், அதுவும் நார்மல்.

"சார், 17 கோடி இருந்தும் ஈரலுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"இந்த வைரஸ் நேரடியா ஈரலை அழிக்கிறதில்ல தம்பி. அதை அடிக்கப்போற நம்ம எதிர்ப்புச் சக்திதான் ஈரல் செல்லையும் சேத்து உடைக்குது. உங்க உடம்பு இன்னும் சண்டையே ஆரம்பிக்கல."

ஓ.பி. சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். புது ஹாஸ்டல் திறக்கிற அன்றைக்கு வாட்ச்மேனும் வேலைக்குச் சேர்கிறார். அதே நாளில் ஒரு திருடனும் உள்ளே வந்து ஒரு ரூமில் தங்கிவிடுகிறான். வாட்ச்மேன் அவனையும் ஹாஸ்டல் பையன் என்றே நினைத்துக்கொள்வார். தினமும் 'குட்மார்னிங்' கூடச் சொல்வார். பிறக்கும்போதே வைரஸ் தொற்றினால் நடப்பது இதுதான். எதிர்ப்புச் சக்தி அதை அந்நியனாகவே பார்ப்பதில்லை. இதற்கு மருத்துவத்தில் சகிப்பு நிலை என்று பெயர். இருபது, முப்பது வருஷம்கூட இப்படியே ஓடும். அறிகுறி ஒன்றும் இருக்காது. நான் கபடி ஆடினேன், பப்ளிக் எக்ஸாம் எழுதினேன், ஒருநாள்கூட ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை.

தொற்று ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்டது. யாருக்கு அப்படி நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வயதுதான். பிறக்கும்போதோ, முதல் வயதுக்குள்ளோ தொற்றினால் 100-க்குச் சுமார் 90 பேருக்கு நிலைத்துவிடும். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் சுமார் 30 பேருக்கு. பெரியவர்களான பிறகு தொற்றினால் 5 பேருக்கும் குறைவு. மற்றவர்களின் உடம்பு தானே அடித்துத் துரத்திவிடும்.

ஒருநாள் வாட்ச்மேனுக்குச் சந்தேகம் வரும். பெரும்பாலும் இருபதுகளிலோ முப்பதுகளிலோ. சண்டை தொடங்கும், கதவு ஜன்னல் உடையும். உடைகிற சத்தம்தான் எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல் உடைந்தால் அதற்குள் இருக்கிற அந்த என்சைம் ரத்தத்தில் கசியும். சண்டை சீக்கிரம் முடிந்து வைரஸ் அடங்கிவிட்டால் அமைதி நிலை. சண்டை வருஷக்கணக்கில் இழுத்தால் உடைந்த இடமெல்லாம் தழும்பாகும். தழும்பு கூடிக் கூடி கல்லீரல் இறுகினால் சிரோசிஸ். அமைதியாக இருந்தவர்களுக்கும் பல வருஷம் கழித்து மறுபடி சண்டை மூளலாம். இன்னொன்றும் உண்டு: வைரஸின் துண்டுகள் நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிக்கொள்ளும். அதனால் சிரோசிஸ் வராமலே புற்றுநோய் வரவும் இந்த நோயில் வாய்ப்பிருக்கிறது.

"இப்போதைக்கு மருந்து வேண்டாம். ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரணும். 'ஒண்ணும் பண்ணலையே, எதுக்குப் போகணும்'னு நிறுத்திடாதீங்க. நிறுத்துறவங்களைத்தான் நாங்க பத்து வருஷம் கழிச்சு வார்டுல பாக்குறோம்" என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "வீட்ல யாருக்காவது ஈரல் நோய் இருந்திருக்கா?"

எனக்கு மாமா ஞாபகம் வந்தது.

மாமா

அறந்தாங்கிப் பக்கம் ஒரு ஊர். அம்மாவின் அண்ணன். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். லீவுக்குப் போனால் கடையிலேயே கிடப்பேன். எரிந்துபோன காயிலைப் பிரித்து, சுற்று எண்ணி, புதுக் கம்பி சுற்றும்போது என்னையும் எண்ணச் சொல்வார். "தப்பா எண்ணுனா மோட்டார் புகைஞ்சிரும் மாப்ள" என்பார். நான் ட்ரிபிள் இ எடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

2019-ல், நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, மாமாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை, ஆள் பாதியாக இளைத்துவிட்டார். மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் 11 சென்டிமீட்டர் கட்டி. ஆபரேஷன் செய்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது என்றார்கள். ஒன்பது வாரத்தில் போய்விட்டார். வயது 43.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "குடிச்சுக் குடிச்சே ஈரலைக் கெடுத்துக்கிட்டான்." எங்கள் மாமா ஒரு சொட்டுக் குடித்ததில்லை. துக்கத்துக்கு வந்தவர்களே பந்தலில் உட்கார்ந்து இதைப் பேசியதை நான் கேட்டேன். அத்தை காதிலும் விழுந்திருக்கும். நம் ஊரில் ஈரல் கெட்டால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். தீர்ப்பு எழுத டாக்டர்கூடத் தேவையில்லை.

டாக்டர் கேட்டதற்காக அந்தக் கோடை விடுமுறையில் அத்தை வீட்டுக்குப் போனேன். மாமாவின் பழைய மெடிக்கல் பேப்பர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அத்தை டிரங்குப்பெட்டியைத் திறந்தார். காலாவதியான பாஸ்போர்ட், கடை லோன் ரசீது, ஸ்கேன் ஃபிலிம். எல்லாவற்றுக்கும் அடியில், நாலாக மடித்த ஒரு காகிதம். மூலையில் மாமாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அதன் மேல் பாதி விழுந்த ரப்பர் ஸ்டாம்ப். தேதி 2008. வளைகுடா வேலைக்காக எடுத்த மெடிக்கல். 'ஹெச்.பி.எஸ்.ஏஜி: ரியாக்டிவ்' என்று ஒரு வரி. கீழே பெரிய எழுத்தில் 'அன்ஃபிட்'.

அத்தைக்குத் தெரிந்ததெல்லாம் "விசா சரியா வரல" என்று மாமா சொன்னது மட்டும்தான். அப்போது மாமாவுக்கு 32 வயது. அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. எந்த டாக்டரைப் பார்க்கணும், என்ன செய்யணும், வீட்டில் யாருக்கு டெஸ்ட் எடுக்கணும் என்று ஒன்றுமே இல்லை. வேலைக்கு ஆள் தகுதியா இல்லையா என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. மாமா அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் கடையைத் திறந்துவிட்டார்.

2008-க்கும் 2019-க்கும் நடுவில் பதினொரு வருஷம். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று வைத்தால் இருபத்திரண்டு ஸ்கேன். கட்டி ஒரே ராத்திரியில் 11 சென்டிமீட்டர் ஆகாது. ஒன்று, இரண்டு சென்டிமீட்டரில் கண்டுபிடித்தால் வெட்டி எடுக்கவோ, சுட்டுப் பொசுக்கவோ வழியுண்டு. இந்தக் கணக்கை நான் எத்தனையோ ராத்திரி போட்டுப் பார்த்திருக்கிறேன். எண்ணக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

அத்தையிடம் எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப, அவரு குடிக்கலைன்னு இதுல எழுதியிருக்கா தம்பி?"

"அப்படி எழுதல அத்தை. ஆனா அவரு ஈரல் கெட்டதுக்குக் காரணம் இதுதான்னு டாக்டரும் சொல்லிட்டாரு."

அடுத்த முறை போனபோது அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

ஒரே வீடு, ஒரே வைரஸ்

பிறகு எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தோம். முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, டாக்டர் ஓ.பி. சீட்டில் வரைந்த படம் அப்படியே எங்கள் வீட்டு ஃபேமிலி போட்டோவாக இருந்தது.

அம்மாச்சியை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார், ஐம்பது வயதைக்கூட எட்டவில்லை. "வயித்துல நீர் கோத்து, மகோதரம் வந்து போனாங்க" என்பார்கள். அது முற்றிய சிரோசிஸாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். டெஸ்ட் எடுத்துப் பார்க்க அவர் இல்லை. ஆனால் அவர் பெற்ற இரண்டு பேருக்கும் வைரஸ் இருந்தது.

மாமாவின் கதை சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இப்போது 43. மாமா போன அதே வயது. பாசிட்டிவ்தான், ஆனால் வைரஸ் அளவு மில்லிக்குச் சில நூறு மட்டும், எஸ்.ஜி.பி.டி. நார்மல், கல்லீரலும் மிருது. அமைதி நிலை. எப்போதோ, அவருக்கே தெரியாமல் சண்டை நடந்து ஓய்ந்திருக்கிறது. அண்ணன், தங்கை, ஒரே தாய், ஒரே வைரஸ், இரண்டு பாதை. அம்மாவுக்கு மாத்திரை இல்லை. ஆனால் அண்ணனுக்குப் புற்றுநோய் வந்திருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் கட்டாயம்.

அப்பாவின் ரிப்போர்ட்தான் ஆச்சரியம். வைரஸ் இல்லை, ஆனால் அது வந்துபோன தடயமும் எதிர்ப்புச் சக்தியும் இருந்தன. கல்யாணத்துக்குப் பிறகு எப்போதோ தொற்றி, சில வாரம் சோர்வாக இருந்திருப்பார், தானே சரியாகியிருக்கும். வளர்ந்த வாட்ச்மேன் முதல் நாளே திருடனை அடையாளம் கண்டுவிட்டார். அத்தைக்கும் அதே மாதிரி ரிப்போர்ட். மாமா பசங்க இரண்டு பேருக்கும் நெகட்டிவ், தடுப்பூசி போட்டாயிற்று.

நான் 2005-ல் பிறந்தேன். தங்கச்சி 2012-ல். நடுவில் இருக்கிற ஏழு வருஷம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம். இந்தத் தடுப்பூசி உலகத்தில் 1980-களிலேயே வந்துவிட்டது. தைவான் 1984-லேயே குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்து, பிறகு அங்கே குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயே குறைந்தது. இந்தியாவில் 2002-ல் சோதனை முயற்சியாகச் சில இடங்களில் தொடங்கி, 2007-08-ல் தமிழ்நாடு உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கும், 2011-ல் நாடு முழுக்கவும் விரிவுபடுத்தினார்கள். நான் பிறந்த சின்ன நர்சிங் ஹோமில் எனக்கு அது போடவில்லை. தங்கச்சி பிறந்தது அரசு ஆஸ்பத்திரியில். பிறந்த அன்றே தொடையில் ஒரு ஊசி. அம்மாவுக்கு வைரஸ் இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. எல்லாக் குழந்தைக்கும் போடுகிற மாதிரி போட்டார்கள். 24 மணி நேரத்துக்குள் போடும் அந்த முதல் டோஸ்தான் தாயிடமிருந்து வருவதைத் தடுக்கிறது. தாய்க்கு வைரஸ் இருப்பது முன்பே தெரிந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள்.

தங்கச்சி ரிப்போர்ட்: நெகட்டிவ். அதைப் பார்த்துவிட்டு அம்மா அழுதது எனக்காகவா, அவளுக்காகவா என்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி, "நான்தானடா உனக்குக் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். "உனக்கு யாரு குடுத்தா? அம்மாச்சிக்கு யாரு குடுத்தா? இப்படியே போனா ஆதாம் ஏவாள் வரைக்கும் போகணும்மா" என்றேன். சிரித்தார், ஆனால் முழுசாக இல்லை.

கீழாநெல்லியும் ஜெராக்ஸ் மெஷினும்

நம் ஊரில் ஈரல் என்றால் கீழாநெல்லி வராமல் இருக்குமா? அம்மா அரைத்து மோரில் கலந்து ஒரு வாரம் கொடுத்தார். நான் கூகுள் செய்துவிட்டு வாதாடத் தயாரானேன். அங்கேதான் ஒரு ஷாக்.

இந்த வைரஸைக் கண்டுபிடிக்க வழி திறந்தவர் பாருக் புளும்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1960-களில் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்தத்தில் இருந்த புதிய புரதத்தைக் கவனித்தார். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார். அது இந்த வைரஸின் மேலுறை என்று பிறகுதான் தெரிந்தது. இன்று நமக்கு எடுக்கிற ஹெச்.பி.எஸ்.ஏஜி டெஸ்ட் தேடுவது அதைத்தான். 1976-ல் அவருக்கு நோபல் பரிசு. அவர் பிறந்த ஜூலை 28-தான் இன்று உலக ஹெப்படைடிஸ் தினம். அதே புளும்பெர்க், 1980-களில் சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்திருக்கிறார்! 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், கீழாநெல்லி சாப்பிட்ட பலருக்கு வைரஸ் மறைந்ததாக 'லான்செட்' இதழிலேயே எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த முடிவு திரும்ப வரவில்லை. நம் லேபிலும் இதுதானே விதி? ரீடிங் திரும்ப வராவிட்டால் அது ரிசல்ட் இல்லை.

அம்மாவிடம் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். "நோபல் வாங்குனவரே நம்பிப் பாத்திருக்காரு, நான் நம்புனா என்ன?" என்றார். நியாயமான பாயின்ட்தான். ஆனால் கீழாநெல்லியை நிறுத்திவிட்டு ஸ்கேனுக்கு வந்தார். மாமாவும் அந்த 2008-ல் ஒரு மண்டலம் கீழாநெல்லி சாப்பிட்டாராம். அத்தை பிறகு சொன்னார், ஏதோ பித்தத்துக்கு என்று சொல்லிச் சாப்பிட்டாராம். கீழாநெல்லி அவரைக் கொல்லவில்லை. அதோடு விஷயம் முடிந்தது என்று அவர் நினைத்ததுதான் கொன்றது.

என் கதைக்கு வருகிறேன். எஸ்.ஜி.பி.டி.: 2024 மார்ச்சில் 26. செப்டம்பரில் 31. 2025 மார்ச்சில் 94. வாட்ச்மேன் விழித்துவிட்டார். எனக்கு ஒரு சின்ன வித்தியாசம்கூடத் தெரியவில்லை. அந்த வாரம் டிபார்ட்மென்ட் கிரிக்கெட்டில் ஆடிக்கொண்டிருந்தேன். ரத்தம் எடுக்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. சில பேருக்கு உடம்பே அடக்கிவிடும் என்பதால் டாக்டர் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். ஜூனில் 121. குடும்பத்தில் புற்றுநோய் இருப்பதையும் கணக்கில் வைத்து மாத்திரை எழுதினார். டெனோஃபோவிர், தினமும் ஒன்று. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெப்படைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம். எனக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கிறது.

"எத்தனை நாள் சார்?" என்றேன். "நாள் கணக்கு இல்ல தம்பி, வருஷக் கணக்கு. உங்களுக்கு எவ்வளவு காலம்னு இப்பவே சொல்ல முடியாது."

காரணம் இதுதான். இந்த வைரஸின் மொத்த டி.என்.ஏ.வுமே சுமார் 3,200 எழுத்துதான். நீங்கள் படிக்கிற இந்தக் கட்டுரையை விடப் பல மடங்கு சின்னது. ஆனால் அது செல்லின் கருவுக்குள் ஒரு வளையமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுதான் ஒரிஜினல். அதிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துத்தான் கோடிக்கணக்கில் பெருகுகிறது. மாத்திரை ஜெராக்ஸ் மெஷினை ஜாம் ஆக்கும். பீரோவுக்குள் இருக்கிற ஒரிஜினலைத் தொடாது. நாமாக மாத்திரையை நிறுத்தினால் மெஷின் மறுபடி ஓடும், சில சமயம் முன்பை விட மூர்க்கமாக. வைரஸின் மேலுறைப் புரதமே ரத்தத்திலிருந்து மறைந்துபோகிற அதிர்ஷ்டம் வருஷத்துக்கு நூறில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மூன்று மாதத்தில் என் 17 கோடி சில ஆயிரமாக இறங்கியது. எஸ்.ஜி.பி.டி. 48. போதும், சண்டை அடங்குகிறது.

நீங்கள்

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ல் உலகத்தில் 25.4 கோடிப் பேருக்கு நாள்பட்ட ஹெப்படைடிஸ் பி இருந்தது. அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 3 கோடி. பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. 2011-க்கு முன் பிறந்தவர்கள், நாடு முழுக்க ஊசி வருவதற்கு முன் பிறந்தவர்கள். இப்போது காலேஜில் இருக்கிற நாமெல்லாம் அந்தக் கூட்டம்தான்.

சின்ன வயதில் வந்து நிலைத்த தொற்றைக் கவனிக்காமல் விட்டால், சுமார் நாலில் ஒருவர் சிரோசிஸாலோ கல்லீரல் புற்றுநோயாலோ இறக்கிறார். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது 'கவனிக்காமல் விட்டால்' என்ற இரண்டு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தடவை ஹெச்.பி.எஸ்.ஏஜி டெஸ்ட் எடுங்கள். சில நூறு ரூபாய்தான். அரசு ஆஸ்பத்திரியில் அதுவும் இல்லை. நெகட்டிவ் என்றால், ஏற்கெனவே போடாதவர்கள் மூன்று ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் என்றால் உலகம் இடிந்துவிடாது. வீட்டில் எல்லோருக்கும் எடுங்கள், அம்மாவிலிருந்து ஆரம்பியுங்கள். கல்யாணம் செய்யலாம், துணைக்குத் தடுப்பூசி போட்டால் போதும். குழந்தை பெறலாம், பிறந்த அன்றே ஊசி போட்டால் பெரும்பாலும் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். வளைகுடா நாடுகள் பலவற்றின் விசா மெடிக்கலில் இன்றும் இது தடுக்கும். எங்கள் பேட்ச்சில் அதைக் கனவாக வைத்திருப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். அந்த வருத்தம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் யாராவது உங்கள் கையில் 'அன்ஃபிட்' என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தால், அதை மடித்துப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். நேராக ஒரு டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

இந்தக் கட்டுரையில் என் பெயர் இல்லை. பயத்தால் இல்லை, இது என் ஒருவனுடைய ரிப்போர்ட் இல்லையே. அதனால் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புவதற்கு முன் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்து அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் போன் செய்தார்.

"படிச்சேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. மாமா குடிக்க மாட்டாருங்கிறதை மட்டும் இன்னும் ஒரு இடத்துல போட்டுருடா."

போட்டுவிட்டேன். எங்கள் மாமா குடிக்க மாட்டார்.